சிறுநீரகத்துக்குள் ஓர் உடைப்பு

கல்லை எடுத்தாயிற்று. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். முதுகில் துளையிட்ட இடம் காய்ந்து வருகிறது. பத்தாம் நாள் காலையில் சிறுநீர் ரத்தச் சிவப்பாகப் போகிறது. அலறியடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனால், போய்ச் சேர்வதற்குள் நிறம் வெளிறிவிடுகிறது. சலைன் ஏற்றி, மாத்திரை கொடுத்து, 'உள்ளே புண் ஆறுகிறது, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்' என்று திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டு நாள் நிம்மதி. பிறகு மறுபடியும் சிவப்பு. இந்த முறை கட்டி கட்டியாக. உறைந்த கட்டிகள் சிறுநீர்ப்பையின் வாயை அடைத்துக்கொள்ள, அடிவயிறு கல்லாக இறுகுகிறது. நோயாளியின் முகம் வெளுத்து, நாடி ஓட்டமெடுக்கிறது.

முதுகில் சிறு துளையிட்டு அதன் வழியே சிறுநீரகக் கல்லை உடைத்து எடுக்கும் சிகிச்சைக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் சுருக்கப் பெயர் பி.சி.என்.எல். அது நடக்கும் எல்லா ஊர்களிலும் இந்தக் காட்சி தெரிந்ததுதான். அடிக்கடி நேர்வதில்லை, நேரும்போது அநேகமாக இதே வரிசையில் நேர்கிறது. அந்த இரண்டாம் சிவப்புக்குப் பிறகு எடுக்கப்படும் முடிவில்தான் ஒரு சிறுநீரகத்தின் தலைவிதி இருக்கிறது. ரத்தத்தை நிறுத்த வயிற்றைத் திறந்து சிறுநீரகத்தையே அகற்றிவிடுவது ஒரு வழி. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ ஊசி குத்தி, மெல்லிய குழாயை உள்ளே அனுப்பி, ஒழுகும் ஒரே ஒரு கிளையை மட்டும் அடைப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழி வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் அது எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் இல்லை.

உள்ளே என்னதான் நடக்கிறது? இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து சுமார் 300 கிராம் எடைதான். ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் அதிகமான ரத்தம், இந்த இரண்டு கைப்பிடிச் சதைக்குள் ஓடித் திரும்புகிறது. பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. பெரிய வாய்க்கால் போல ஒரு தமனி உள்ளே நுழைகிறது. அது கிளைகளாகப் பிரிந்து, கிளைகள் இன்னும் சிறு கிளைகளாகி, கடைசியில் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் உள்ள சுமார் பத்து லட்சம் வடிகட்டிகளுக்கு ரத்தத்தைப் பங்கிடுகிறது. வயலில் பாய்ந்த தண்ணீர் வடிகாலுக்குப் போவதுபோல, வடிகட்டியைக் கடந்த ரத்தம் சிரைகளில் சேர்ந்து இதயத்துக்குத் திரும்புகிறது. தமனியில் அழுத்தம் அதிகம், சிரையில் மிகக் குறைவு. நடுவில் இருக்கும் நுண்ணிய குழாய்கள்தான் அந்த அழுத்தத்தை வாங்கித் தணிக்கின்றன.

வாய்க்கால் கரை உடைந்து தண்ணீர் வயலுக்குப் போகாமல் நேரே வடிகாலில் விழுந்தால் என்ன ஆகும்? கடைமடை காயும், வடிகால் கரை அரிக்கும். சிறுநீரகத்தில் தமனிக்கும் சிரைக்கும் இடையே குறுக்குவழி விழுந்தால் நடப்பதும் இதுவே. தமனியின் வேகத்தோடு வரும் ரத்தம், அந்த வேகத்துக்குப் பழகாத சிரைக்குள் பாய்கிறது. சிரை வீங்குகிறது, சுவர் மெலிகிறது, ஒரு நாள் சிறுநீர் சேரும் அறைக்குள் கசிகிறது. மறுபக்கம், குறுக்குவழிக்கு அப்பால் உள்ள சதை ரத்தம் போதாமல் தவிக்கிறது. தவிக்கும் சிறுநீரகம் ரெனின் என்ற சுரப்பை வெளியிட்டு உடல் முழுவதுக்கும் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. குறுக்குவழி பெரிதாக இருந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் அளவுக்கு மீறிப் போய், வருடக்கணக்கில் கூடுதல் பாரம் இழுத்த இதயம் களைத்துவிடுகிறது. சிறுநீரகத்தில் ஆரம்பித்த கோளாறுக்காக ஒருவர் இதய மருத்துவர் வாசலில் மூச்சிரைக்க உட்கார்ந்திருக்கவும் கூடும்.

இந்தக் குறுக்குவழி மருத்துவ ஏடுகளில் முதன்முதலாகப் பதிவானது 1928-ல். சிலருக்கு இது பிறவியிலேயே இருக்கிறது. ஆனால் பெரும்பாலோருக்குப் பிறகு வந்து சேர்வதுதான். அதிலும் பெரும்பகுதி மருத்துவத்தின் கையாலேயே வருவது. 1951-ல் கோபன்ஹேகனைச் சேர்ந்த ஐவர்சனும் புரூனும் சிறுநீரகத்தில் ஊசி செருகித் துளி சதை எடுத்துப் பரிசோதிக்கும் முறையைப் பரவலாக அறியச் செய்தார்கள். இதுதான் இன்றைய பயாப்ஸி. 1976-ல் ஸ்வீடனின் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் ஜோஹான்சனும் முதுகுத் துளை வழியே கல்லை எடுக்கலாம் என்று காட்டினார்கள். இரண்டுமே மனித குலத்துக்குப் பெரிய உபகாரம். இரண்டிலுமே ஊசி ஒரு தமனியையும் அதை ஒட்டி ஓடும் சிரையையும் ஒரே குத்தில் துளைத்துவிடும் வாய்ப்பு உண்டு. இரண்டு துளைகளும் ஒட்டிக்கொண்டு ஆறினால் குறுக்குவழி தயார். விபத்தில் விலாவில் விழும் அடியும் கத்திக்குத்தும்கூட இதையே செய்யும்.

பயாப்ஸிக்குப் பிறகு வரும் சிறு உடைப்புகளில் பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமலே வந்து, தாமாகவே மூடிக்கொள்கின்றன. ஸ்கேனில் தெரிந்தது என்பதற்காகவே எல்லாவற்றையும் அடைக்கக் கிளம்ப வேண்டியதில்லை. கல் சிகிச்சையில் விழுவது சற்று முரட்டு ரகம். ஊசி போன பாதையை அகலப்படுத்தி ஒரு குழாயையே நுழைக்கிறார்கள் அல்லவா? ரத்தக் குழாய்கள் குறைவாக உள்ள பகுதி வழியே போவதுதான் விதி. சிறுநீரகத்தில் அப்படியொரு பகுதி எங்கே இருக்கிறது என்று 1901-ல் வரைந்து காட்டிய மாக்ஸ் புரோடெல் டாக்டர் அல்ல. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ நிறுவனத்தில் படம் போட்டுக்கொண்டிருந்த ஓவியர். அவர் காட்டிய கோடு இன்றும் பாடத்தில் இருக்கிறது. ஆனால் உயிருள்ள சிறுநீரகங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. கல் வளர்ந்து கிளைவிட்ட சிறுநீரகம் இன்னும் வேறு மாதிரி.

எத்தனை பேருக்கு நேர்கிறது? லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் கழகத்தின் டாக்டர்கள் 2005-ல் தங்கள் கணக்கை வெளியிட்டார்கள். துளை வழியே கல் எடுக்கப்பட்ட 1,854 பேரில் 27 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஒன்றரைக்கும் சற்றுக் குறைவானவர்களுக்கு, ரத்தக் குழாயை அடைக்க வேண்டி வந்தது. பெரிய கல் இருந்தவர்களுக்கே ஆபத்து கூடுதல் என்பதையும் அவர்கள் கண்டார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1995-ல், நியூயார்க்கிலிருந்து வந்த கணக்கு 2,200 பேரில் 17. சதவீதம் சிறியதுதான். ஆனால் குஜராத், ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா என்று நாட்டின் மேற்கிலும் வடமேற்கிலும் நீண்டு கிடக்கும் பகுதிக்கு மருத்துவர்கள் 'கல் பட்டை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். குஜராத்தின் நடியாத் போன்ற நடுத்தர ஊரில் சிறுநீரகத்துக்கென்றே பெரிய மருத்துவமனை எழுந்தது சும்மா அல்ல. இத்தனை கல் எடுக்கும் நாட்டில் நூற்றில் ஒருவர் என்றாலே அது கூட்டம்தான்.

ரத்தம் ஏன் உடனே வராமல் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து வருகிறது என்பதுதான் பலரையும் ஏமாற்றும் இடம். காயம் பட்டதும் ரத்தம் உறைந்து துளையை அடைத்துக்கொள்கிறது. சுற்றியுள்ள சதையும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. நாளடைவில் அந்த உறைகட்டியை உடலே கரைத்துவிடும். அதற்குள் தமனியின் சுவர் ஆறியிருந்தால் சரி; ஆறாவிட்டால் அங்கே மெல்லிய தோல் போர்த்திய ஒரு ரத்தக் குமிழ் உருவாகிறது. குமிழும் குறுக்குவழியும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதும் உண்டு. குமிழ் வெடித்தால் சிவப்பு. உறைகட்டி வந்து மூடினால் தெளிவு. கரைந்தால் மறுபடி சிவப்பு. சிறுநீர் தெளிந்துவிட்டது என்பதால் உடைப்பு அடைபட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இதைத் தெரிந்த டாக்டர் நோயாளியை வீட்டுக்கு அனுப்ப அவசரப்படமாட்டார்.

ஸ்டெதஸ்கோப்பை விலாவுக்குக் கீழே, முதுகில் வைத்தால் சிலரிடம் மதகு வழியே நீர் பாய்வது போன்ற இரைச்சல் கேட்கும். காசில்லாத பரிசோதனை, அவசரத்தில் பலரும் மறந்துபோவதும் இதைத்தான். அடுத்தது டாப்ளர் ஸ்கேன். ரத்தத்தின் ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் இதில், உடைப்பு விழுந்த இடம் மட்டும் நிறங்கள் கலங்கி, கொட்டிவிட்ட ஹோலிப் பொடி மாதிரி தெரியும். சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்தால் எந்தக் கிளையில் உடைப்பு என்ற வரைபடமே கையில் கிடைத்துவிடும்.

இனி முடிவு. 1869-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் குஸ்டாவ் சைமன் என்ற அறுவை நிபுணர் திட்டமிட்டு ஒரு பெண்ணின் சிறுநீரகத்தை அகற்றினார். அவர் பிழைத்தார். ஒரு சிறுநீரகத்தோடு மனிதர் வாழ முடியும் என்று உலகம் அன்று தெரிந்துகொண்டது. அந்த அறிவு எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. கூடவே ஓர் அலட்சியத்தையும் வளர்த்துவிட்டது. 'ஒன்று போனால் என்ன, இன்னொன்றுதான் இருக்கிறதே' என்பது ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்கும் உறவினர்களுக்கு அடிக்கடி சொல்லப்படும் ஆறுதல். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்ட நாட்டில் அந்த இன்னொன்று இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று யார் எழுதிக் கொடுக்க முடியும்? ஒரு பக்கம் கல் வந்தவருக்கு மறு பக்கமும் வருவது சாதாரணம். கல் சிகிச்சைக்கு முன்பு கையெழுத்து வாங்கும் சம்மதப் படிவத்தில், தேவைப்பட்டால் சிறுநீரகத்தை அகற்றவும் ஒப்புதல் உண்டு என்கிற மாதிரி ஒரு வரி இருப்பது வழக்கம். பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. படித்தவர்களும் அது தங்களுக்காக எழுதப்பட்டது என்று நினைப்பதில்லை.

கத்திக்கு மாற்று வந்த கதை சுவையானது. 1953-ல் ஸ்டாக்ஹோமில் ஸ்வென் இவார் செல்டிங்கர் என்ற இளம் டாக்டர், ரத்தக் குழாயைத் திறக்காமலே அதற்குள் குழாய் செருகும் உபாயத்தை வெளியிட்டார். ஊசியைக் குத்து, ஊசி வழியே கம்பியை விடு, ஊசியை உருவு, கம்பியின் மேல் குழாயைக் கோத்து உள்ளே தள்ளு, கம்பியை உருவு. இவ்வளவுதான். இன்றைக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைப்பது உட்பட, உடம்பைக் கிழிக்காமல் குழாய் வழியே நடக்கும் ஏராளமான சிகிச்சைகள் இந்த ஐந்து வரிகளில்தான் நிற்கின்றன. 1973-ல் அமெரிக்க டாக்டர்கள் புக்ஸ்டைனும் கோல்ட்ஸ்டைனும் பயாப்ஸியால் விழுந்த சிறுநீரக உடைப்பை இந்த வழியில் அடைத்துக் காட்டினார்கள். அடைக்க அவர்கள் பயன்படுத்தியது நோயாளியின் சொந்த ரத்தத்தில் உறைந்த கட்டியை. அது நாளடைவில் கரையக்கூடியது. 1975-ல் சிசாரே ஜியான்டுர்கோவும் சகாக்களும் கரையாத ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: கம்பளி நூல் இழைகள் கட்டிய எஃகுச் சுருள். இன்றைய சுருள் பிளாட்டினம்; இழை செயற்கை நூல். தத்துவம் அதேதான்.

சிகிச்சை நடக்கும் அறை, இதய ஆஞ்சியோகிராம் செய்யும் அதே மாதிரி அறை. நோயாளிக்கு மயக்க மருந்து தேவைப்படுவதில்லை. ஊசி குத்தும் இடம் மட்டும் மரத்துப்போனால் போதும். பெருந்தமனி வழியே மேலேறும் குழாயின் நுனி, படமெடுத்த பாம்பு போல வளைந்திருக்கும். அதன் பெயரே கோப்ரா. அது சிறுநீரகத் தமனியின் வாயில் கொக்கி போட்டு நின்றதும் எக்ஸ்-ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்துகிறார்கள். எலும்பு நிழல்களைக் கழித்துவிட்டு ரத்தக் குழாய்களை மட்டும் கறுப்புக் கோலமாகக் காட்டும் கருவித் திரையில் ஒரு மரம் விரிகிறது. ஆரோக்கியமான சிறுநீரகத்தில் முதலில் தமனிகள் தெரியும், சில விநாடிகள் கழித்தே சிரைகள் நிறையும். உடைப்பு இருந்தால், தமனி தெரிந்த கையோடு சிரையும் பளிச்சென்று தெரிந்துவிடும். வரிசையில் நிற்காமல் குறுக்கே நுழைந்த ஆளைப் பிடிப்பது போல, டாக்டர் அந்த இடத்தைப் பிடித்துவிடுகிறார்.

இனிமேல்தான் நுட்பம். பெரிய குழாய்க்குள்ளிருந்து ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத நுண்குழாய் புறப்படுகிறது. கிளை, கிளையின் கிளை என்று உடைப்புக்கு எவ்வளவு அருகில் போக முடியுமோ அவ்வளவு அருகில் போக வேண்டும். காரணம், சிறுநீரகத் தமனிகள் ஒற்றைப் பாதைகள். குடலிலோ கையிலோ ஒரு குழாய் அடைபட்டால் பக்கத்துக் குழாய் கைகொடுக்கும். சிறுநீரகத்தில் அந்தச் சலுகை கிடையாது. எந்தக் கிளையை அடைத்தாலும் அது ஊட்டி வளர்த்த சதைத் துண்டு செத்துப்போகும். உடைப்பை ஒட்டி அடைத்தால் இழப்பு சுண்டுவிரல் நுனி அளவு. அவசரப்பட்டு ஒரு கிளை முன்னாலேயே அடைத்தால் கால்வாசிச் சிறுநீரகம். அரைமணி கூடுதலாகத் தேடியதன் பலன் நோயாளிக்கு ஆயுள் முழுக்கக் கிடைக்கும்.

எதை வைத்து அடைப்பது என்பதில் டாக்டர்களிடையே விருப்பு வெறுப்புகள் உண்டு. சுருளைக் குழாய்க்குள் நேர்க்கம்பியாக அனுப்பினால், வெளியே வந்ததும் ஸ்பிரிங் போலச் சுருண்டு கொள்ளும். இழைகளைச் சுற்றி ரத்தம் உறைந்து அடைப்பு முழுமையாகும். இன்னொன்று பசை. உடைந்த பொம்மையை ஒட்டுவதற்குப் பெட்டிக்கடையில் வாங்குகிறோமே, அந்தப் பசையின் நெருங்கிய உறவுக்காரன். ரத்தம் பட்ட நொடியே இறுகிவிடும். அதனால் குழாயை முதலில் குளுக்கோஸ் கரைசலால் கழுவி, பசையோடு எக்ஸ்-ரேயில் தெரியும் எண்ணெயைக் கலந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் செலுத்திக் குழாயை வெளியே இழுத்துவிட வேண்டும். தாமதித்தால் குழாயே ஒட்டிக்கொள்ளும். கட்டிகளுக்குச் செல்லும் ரத்தத்தை நிறுத்தப் பயன்படும் மணல் போன்ற துகள்களை இங்கே தொடக்கூடாது. உடைப்பு வழியே அவை சிரைக்குள் நழுவி நேரே நுரையீரலுக்குப் போய்விடும். வேகமான பெரிய உடைப்பில் சுருளும் அப்படி அடித்துச் செல்லப்படலாம். அதற்குத்தான் பெரிய அளவுச் செருகிகளும், சரியாக உட்கார்ந்த பிறகே கழற்றிவிடும் சுருள்களும் வந்திருக்கின்றன. விலைதான் இடிக்கிறது. பசை மலிவு, கழற்றும் சுருள் அதைப்போலப் பல மடங்கு. மருந்தின் தேர்வில் நோயாளியின் மடிசீலைக்கும் ஒரு வாக்கு உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை.

அடைத்ததும் இன்னொரு முறை மருந்தைச் செலுத்திப் பார்க்கிறார்கள். முன்பு அவசரமாகத் தெரிந்த சிரை இப்போது தன் முறைக்குக் காத்திருந்தால் வேலை முடிந்தது. குத்திய காலை சில மணி நேரம் மடக்காமல் படுத்திருக்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று நாட்கள் லேசான காய்ச்சல், இடுப்பு வலி, குமட்டல் இருக்கலாம். செத்த துண்டுக்கு உடல் துக்கம் கொண்டாடுகிறது, அவ்வளவே. பழைய ரத்தம் கழிந்து சிறுநீர் காப்பி நிறத்திலிருந்து தெளியச் சில நாள் பிடிக்கும்.

எல்லாம் சுபம் என்று எழுதிவிடவும் முடியாது. முதல் முறை பிடிபடாத இன்னொரு உடைப்பு பின்னால் ஒழுகி, மறுபடி அதே மேசைக்கு வர வேண்டியவர்கள் உண்டு. படத்துக்காகச் செலுத்தும் அயோடின் மருந்து, ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் தளர்த்தலாம். அத்தகையவர்களுக்குக் கரியமில வாயுவைச் செலுத்திப் படம் பிடிக்கும் முறையும் இருக்கிறது. குத்திய இடத்தில் ரத்தம் கட்டுவது சிறு தொல்லை. ரத்தம் அருவியாகக் கொட்டி, ரத்த அழுத்தம் சரிந்து, அடைக்கும் வசதி எட்டாத தொலைவில் இருந்தால் கத்திதான் கதி. உயிரா சிறுநீரகமா என்ற கட்டத்தில் அறுவை நிபுணரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்தக் கட்டம் வரும்வரை யார் சும்மா இருந்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பிறவி முடிச்சுகளின் கதை வேறு. ஒரே ஒரு குறுக்குவழி அல்ல. பாம்புக் குட்டிகள் பின்னிக்கொண்டது போலப் பல குழாய்கள் சிக்குண்டு கிடக்கும். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. வலியில்லாமல் ரத்தம் போகும். கல்லைத் தேடுவார்கள், கிடைக்காது. புற்றுநோயோ என்று பயந்து அலைவார்கள். பல வருஷம் கழித்து ஆஞ்சியோகிராம் எடுக்கும்போதுதான் உண்மை வெளிப்படும். இங்கே வாசலை மட்டும் அடைத்தால் முடிச்சு வேறு வழியில் ரத்தம் தேடிக்கொள்ளும். முடிச்சின் உள்ளே வரை இறங்கிப் பரவக்கூடிய பசையோ சாராயமோ தேவை. சாராயம் என்றால் மருத்துவத்துக்கான சுத்த ஆல்கஹால். அது குழாயின் உட்சுவரையே எரித்து மூடிவிடும். ஒரே அமர்வில் முடியாமலும் போகலாம்.

மாற்றுச் சிறுநீரகத்தில் உடைப்பு விழுந்தால் பதற்றம் இன்னும் அதிகம். மாற்றி வைத்த உறுப்பை உடல் ஏற்கிறதா என்று பார்க்க அதில் அடிக்கடி பயாப்ஸி எடுக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் மாற்றப்படும் சிறுநீரகங்களில் மிகுதியும் உயிரோடு இருப்பவர்கள் கொடுப்பவை. கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். அம்மாவோ மனைவியோ கொடுத்த ஒன்று. அதற்கு மாற்று வீட்டில் வேறு இல்லை. அங்கே உடைப்பை அடைக்கும் டாக்டருக்கு ஒரு சதைத் துண்டைக் கூடுதலாக இழக்கும் சுதந்திரம் கிடையாது. அதே நோயாளியின் முன்கையில் தடவிப் பார்த்தால் இன்னொரு குறுக்குவழி துடித்துக்கொண்டிருக்கலாம். டயாலிசிஸ் ஊசி குத்த வசதியாகத் தமனியையும் சிரையையும் வேண்டுமென்றே இணைத்து வைத்தது அது. 1966-ல் நியூயார்க்கில் பிரெஷியாவும் சிமினோவும் அறிமுகம் செய்த அந்த முறை இல்லாவிட்டால் லட்சக்கணக்கானோர் இன்று இல்லை. சிறுநீரகத்துக்குள் நோயாக இருப்பது கைக்கு வந்தால் மருந்தாகிவிடுகிறது.

அடைக்கும் வசதி ஏன் எட்டுவதில்லை? இயந்திரம் இல்லை என்பது பழைய பதில். மாரடைப்பின் புண்ணியத்தில் கேத் லேப் என்கிற ஆஞ்சியோகிராம் அறை இப்போது எத்தனையோ மாவட்டத் தலைநகரங்களுக்கு வந்துவிட்டது. அதே மேசை, அதே எக்ஸ்-ரே. குறைவது கை. ரத்தக் குழாய்க்குள் போய்ச் சிகிச்சை செய்யும் கதிரியல் நிபுணர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். டில்லி எய்ம்ஸ் போன்ற நிறுவனங்கள் இதைத் தனி உயர்படிப்பாகவே கற்றுத் தருகின்றன. படித்து வெளிவருபவர்கள் எண்ணிக்கையோ நாட்டின் பசிக்குப் போதவில்லை. சில ஊர்களில் இதய மருத்துவர்களே துணிந்து இதைச் செய்கிறார்கள். கல் எடுக்கும் சிறு மருத்துவமனை ஒவ்வொன்றும், ரத்தம் கொட்டினால் எந்த ஊருக்கு, யாரிடம், எத்தனை மணி நேரத்தில் அனுப்புவது என்பதை முதல் கல்லை எடுக்கும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். வண்டி கிளம்பிய பிறகு போனில் தேடுவது ஏற்பாடு ஆகாது.

நோயாளியின் பக்கமும் சில விஷயங்கள் இருக்கின்றன. இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். துளை வழியே கல் எடுத்துக்கொண்டவர்கள் மூன்று வாரமாவது பளு தூக்காமல், ஒரு நாள் பயணத் தூரத்துக்குள் இருப்பது நல்லது. மறுபடி சிவந்தால், தெளிந்துவிட்டாலும் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். அங்கே ரத்தம் ஏற்றுவது, சிறுநீர்ப்பையைக் கழுவுவது, அசையாமல் ஓய்வெடுப்பது என்று முதல் உதவிகள் உண்டு. பலருக்கு அதிலேயே நின்றுவிடுவதும் உண்டு. நிற்காவிட்டால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'குழாய் வழியே அடைக்க முடியுமா, இங்கே முடியாவிட்டால் எங்கே?' இதைக் கேட்பதால் எந்த நல்ல டாக்டரும் முகம் சுளிக்கமாட்டார்.

அடைத்து முடிந்தவர்களுக்குச் சில மாதம் கழித்து ஒரு டாப்ளர் பார்ப்பார்கள். ரத்த அழுத்தத்தையும் கிரியாட்டினினையும் கவனிப்பார்கள். சுருள் உள்ளேயே இருந்துவிடும், எடுக்கத் தேவையில்லை. பின்னால் எதற்காகவாவது வயிற்றை எக்ஸ்-ரே எடுத்தால் விலாவுக்குக் கீழே சின்னஞ்சிறு ஸ்பிரிங் ஒன்று வெள்ளையாகத் தெரியும். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகுமிடத்தில் அது என்ன உலோகம் என்று கேட்பார்கள். எத்தனை சுருள், எந்த வகை, எந்தத் தேதியில் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டுதான் மருத்துவமனையை விட்டுக் கிளம்ப வேண்டும்.